வேலை முடிந்து வந்தால் எதிலும் மனம் ஒட்டவில்லை, லீவு நாள் என்றாலே போரடிக்கிறது. என்ன செய்யலாம்?

இதே கேள்வியை இரண்டு வருடத்துக்கு முன் நானும் பலரிடம் கேட்டேன். படம் பாருங்கள், பாட்டு கேளுங்கள், வெளியே போய் வாருங்கள் என்றார்கள். அதையெல்லாம் செய்துகொண்டே போரடித்துக் கிடந்தவன் நான். போனை எடுப்பேன், பத்து வீடியோவைத் தள்ளுவேன், கீழே வைப்பேன், அரை நிமிடத்தில் கை தானாகத் திரும்ப அதை எடுக்கும்.

சும்மா இருப்பது மனிதனுக்கு எவ்வளவு கஷ்டம் என்று பாருங்கள். வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் டிமோதி வில்சன் குழு 2014இல் வெளியிட்ட ஆய்வில், ஆட்களை ஒரு வெற்று அறையில் 15 நிமிடம் தனியாக உட்கார வைத்தார்கள். போன் கிடையாது, புத்தகம் கிடையாது, அழுத்தினால் ஷாக் அடிக்கும் ஒரு பொத்தான் மட்டும் உண்டு. இந்த ஷாக் வேண்டாம், அதற்குக் காசு கொடுக்கக்கூடத் தயார் என்று முன்னால் சொன்னவர்கள்தான் எல்லாரும். அப்படியும் 18 ஆண்களில் 12 பேர், 24 பெண்களில் 6 பேர் தாங்களே அதை அழுத்திக்கொண்டார்கள். என் போனும் ஏறக்குறைய அந்தப் பொத்தான்தான்.

நாள் முழுக்க ஏதோ செய்துகொண்டிருந்தும் போரடிக்கிறது என்றால், செய்கிற எதுவும் நம்மிடம் எதையும் கேட்கவில்லை என்று அர்த்தம். சிக்ஸென்ட்மிஹாயி என்ற உளவியலாளர் இதைப் பல வருடம் ஆராய்ந்தார். வேலை நம் திறமைக்குக் கீழே இருந்தால் சலிப்பு, ரொம்ப மேலே போனால் பதற்றம், எட்டிப் பிடிக்கிற உயரத்தில் இருந்தால் நேரம் போவதே தெரியாது என்பார்.

எனக்கு அமைந்தது மூன்று பந்து. விழாமல் மாற்றி மாற்றி வீசிப் பிடிப்பது, ஜக்ளிங் என்கிறார்களே, அது. பெரிய காரணமெல்லாம் இல்லை, ஒரு குழந்தையிடம் செய்து காட்டுகிறேன் என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். முதலில் ஒரே பந்து, ஒரு கையிலிருந்து மறு கைக்கு, கண் உயரத்துக்கு. அப்புறம் இரண்டு. இங்கேதான் எல்லாரும் சொதப்புவோம். முதல் பந்து உச்சிக்குப் போகும்போது இரண்டாவதை மேலே வீச வேண்டும். ஆனால் கை வீசாது, சத்தமில்லாமல் பக்கத்துக் கையில் திணித்துவிடும். இந்தத் திருட்டு வேலையை அதற்கு யார் சொல்லிக் கொடுத்தார்களோ, நிறுத்தவே எனக்கு ஒன்பது நாள் ஆனது. சுவரைப் பார்த்து நின்றால் பந்து முன்னால் ஓடாது, கட்டிலோரம் நின்றால் பந்து கட்டில் மேலேயே விழும், குனிந்து பொறுக்குகிற இடுப்பு வலி இருக்காது. துள்ளுகிற பந்து வேண்டாம், தானியம் அடைத்துத் தைத்த துணிப் பந்து விழுந்த இடத்திலேயே கிடக்கும். மூன்றும் முதன்முதலாக ஆறு முறை கைமாறிய அன்று, முக்கால் மணி நேரமாகப் போனைத் தொடவில்லை என்பது படுக்கப் போகும்போதுதான் உறைத்தது.

2004இல் ஜெர்மனியில் இதே வித்தையைப் புதியவர்களுக்கு மூன்று மாதம் பழக்கி மூளையை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். அசையும் பொருளைக் கவனிக்கிற பகுதியில் திசு கொஞ்சம் கூடியிருந்தது. பயிற்சியை விட்டு மூன்று மாதம் கழித்துப் பார்த்தால், கூடியது குறைய ஆரம்பித்திருந்தது. எனக்குப் பிடித்தது அந்த இரண்டாவது பாதிதான், ஒருமுறை சம்பாதித்து பூட்டி வைக்க முடியாது பாருங்கள்.

சரி, பொழுதுபோக்கு மட்டும் போதுமா என்றால் எனக்குப் போதவில்லை. பந்தை ஒரு வாரம் எடுக்காவிட்டால் யார் கேட்கப் போகிறார்கள்? தெரிந்தவர் ஒருவர் மூலம், பார்வையில்லாத ஒரு சட்ட மாணவிக்குப் பாடப்புத்தகத்தை வாசித்துப் பதிவு செய்து அனுப்ப ஆரம்பித்தேன். வறட்டுப் புத்தகம். அட்டவணை வந்தால் கட்டம் கட்டமாகச் சொல்ல வேண்டும், அடிக்குறிப்பை வாசிப்பதா விடுவதா என்று பக்கத்துக்குப் பக்கம் முடிவெடுக்க வேண்டும். எனக்காகப் படித்திருந்தால் இரண்டாம் பக்கத்தில் தூங்கியிருப்பேன். ஒருநாள், "அண்ணா, 47ஆம் பக்கத்தில் ஒரு வரி விட்டுப் போச்சு, அடுத்ததோடு ஒட்டவே இல்லை" என்று குரல் செய்தி வந்தது. பார்த்தால் ஆமாம், விட்டிருக்கிறேன். அன்றிலிருந்து வரிக்குக் கீழே விரல் வைத்துத்தான் வாசிக்கிறேன். இத்தனைக்கும் அந்தப் புத்தகம் எனக்கு ஒருநாளும் போரடித்ததில்லை.

நீங்கள் எதை எடுத்தாலும் ஒன்றை மட்டும் எடுங்கள். சாமான் வாங்குவதிலேயே ஆர்வத்தைத் தீர்த்துவிடாதீர்கள்; கிட்டார் வாங்கிய அன்று வருகிற சந்தோஷம் வேறு, வாசிப்பதில் வருவது வேறு (என் கிட்டார் பீரோ மேல் இருக்கிறது). முதல் இரண்டு வாரம் கேவலமாகத்தான் வரும், யாருக்கும் காட்ட வேண்டாம்.

இன்னொன்று, முன்பு பிடித்ததுகூட வாரக்கணக்கில் ருசிக்கவில்லை, தூக்கமும் பசியும் மாறிவிட்டது என்றால் போரடிக்கிறது என்று தள்ளிவிடாமல் ஒரு மருத்துவரைப் பாருங்கள். பந்து அதற்கு மருந்தில்லை.

நான் இப்போது நான்கு பந்துக்கு வந்திருக்கிறேன். மூன்றில் பழகியது இங்கே அதிகம் உதவவில்லை. நான்கில் பந்துகள் கைமாறுவதில்லை, ஒவ்வொரு கையும் தன் இரண்டைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும். வலது கை ஓரளவு வழிக்கு வந்துவிட்டது. இடது கை ஒரு பந்தைத் திரும்பத் திரும்ப வலதுக்குத் தள்ளிவிடப் பார்க்கிறது.