முகமூடி போனால் போனதுதான்

அன்புள்ள ஐயா,

வேலை நிமித்தமாகக் குடும்பத்தோடு மெக்சிகோவின் குவாதலஹாராவில் இருக்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டுக்காரர்கள் விடாமல் அழைத்ததால் அரேனா கொலிசியோவுக்கு மல்யுத்தம் பார்க்கப் போனோம். நான், மனைவி, ஏழு வயது மகன், ஊரிலிருந்து வந்திருக்கும் மாமியார். வாசலிலேயே மகனுக்கு ஒரு முகமூடி வாங்கி மாட்டிவிட்டோம்.

எங்களுக்கு முன்னால் ஒரு பாட்டி. எழுபது வயதிருக்கும். அவர் வாயிலிருந்து வந்த வசவுகளுக்குப் பொருள் சொல்லப் பக்கத்து வீட்டுக்காரருக்கே கூச்சம். எல்லாம் பேசி வைத்த சண்டை என்று அங்கே எல்லோருக்கும் தெரிகிறது. அப்புறம் எதற்கு இத்தனை ஆவேசம்? இன்னொன்று. அத்தனை அடி உதைக்கும் கைதட்டிச் சிரித்த மகன், ஒருவருடைய முகமூடியை இன்னொருவர் பிடுங்கியதும் அழ ஆரம்பித்துவிட்டான். கூட்டிப் போனதே தப்பு என்கிறாள் மனைவி. மாமியாரோ அடுத்த ஞாயிறு போகலாமா என்கிறார்.

எஸ்., குவாதலஹாரா

*

அன்புள்ள எஸ்.,

மாமியார் ஒருவேளை ஊரில் கூத்துப் பார்த்து வளர்ந்தவராக இருக்கலாம். துரியோதனன் தொடையில் அடிபட்டுச் சாவான் என்று தெரிந்துதான் ஊரே விடிய விடிய உட்கார்ந்திருக்கிறது. முடிவு தெரியும் என்று யாரும் எழுந்து வீட்டுக்குப் போவதில்லை. உங்கள் முதல் கேள்விக்கு இதற்கு மேல் பதில் தேவையில்லை என்றே நினைக்கிறேன். ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்: யார் ஜெயிப்பது என்பதைத்தான் பேசி வைக்கிறார்கள். விழுகிற உடம்பு நிஜமாகத்தான் விழுகிறது. 2015 மார்ச்சில் திஹுவானாவில் பெர்ரோ அகுவாயோ ஜூனியர் என்ற வீரர் மேடையில் அடிபட்டு இறந்துபோனார்.

உங்கள் மகன் விஷயத்துக்கு வருகிறேன். அவன் அழுதது சரியான இடத்தில். பக்கத்தில் இருந்த மெக்சிகோக்காரர்களுக்கும் அங்கேதான் வயிற்றைக் கலக்கியிருக்கும். முகமூடி பறிபோனவர் அடுத்து என்ன செய்தார், கவனித்தீர்களா? எதிராளியைத் துரத்தியிருக்க மாட்டார். இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு குப்புறப் படுத்திருப்பார். யாராவது ஓடிவந்து தலைமேல் ஒரு துண்டைப் போடும்வரை அப்படியே கிடப்பார்கள். பிடுங்கியவருக்குத் தோல்வி என்பது விதி. ஆனாலும் கெட்டவர்களாக வரும் ரூடோக்கள் பின்தலையில் இருக்கும் கயிற்றை அவிழ்த்துக்கொண்டேதான் இருப்பார்கள். அதுதான் அவர்களுடைய தொழில்.

சால்வடோர் லுட்டெரோத் 1933இல் மல்யுத்த நிறுவனம் தொடங்கினார். அடுத்த வருஷமே ஓர் அமெரிக்க வீரருக்காக முதல் முகமூடி வந்துவிட்டது. அதைத் தோலில் தைத்துக் கொடுத்தவர் காலணி செய்துகொண்டிருந்த அன்டோனியோ மார்ட்டினெஸ். வேடிக்கைக்காக வந்தது, பந்தயப் பொருளாகிவிட்டது. இருவர் முகமூடியைப் பணயம் வைத்து மோதுவார்கள். தோற்றவர் நடு மேடையில் அதைக் கழற்றித் தன் பெயரையும் ஊரையும் சொல்ல வேண்டும். பிறகு அந்த முகமூடியை வாழ்நாளில் அணியக் கூடாது. முகமூடி இல்லாதவர்கள் தலைமுடியைப் பணயம் வைப்பார்கள். தோற்றால் அங்கேயே நாற்காலி போட்டு மொட்டை. மொட்டை பரவாயில்லை, முடி வளர்ந்துவிடும்.

1952 நவம்பர் 7 அன்று மெக்சிகோ நகரத்தின் அரேனா கொலிசியோவில் எல் சாந்தோ என்ற முகமூடி வீரர், பிளாக் ஷேடோ என்ற இன்னொரு வீரரின் முகமூடியை வென்றார். பிளாக் ஷேடோவின் கூட்டாளி ப்ளூ டீமன். அதுவரை ரூடோவாக இருந்தவர், நண்பனுக்காக நல்லவர் பக்கம் வந்து மறுவருஷமே சாந்தோவிடமிருந்து உலகப் பட்டத்தைப் பறித்தார். இதெல்லாமும் பேசி வைத்ததாகவே இருக்கட்டும். பிளாக் ஷேடோவின் முகம் வெளியே வந்தது வந்ததுதானே, அதை யார் திருப்பிப் போட முடியும்? (வேடிக்கை என்னவென்றால், சாந்தோ அந்த நாளில் மேடையில் ரூடோ. அதே வருஷம் அவர் பெயரில் வரத் தொடங்கிய படக்கதையில் மட்டும் ஏழைகளைக் காக்கும் நாயகன்.) அந்தச் சாந்தோ 1984 தொடக்கத்தில் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் முகமூடியைக் கொஞ்சம் உயர்த்தி முகத்தில் பாதியைக் காட்டினார். சில நாட்களில், பிப்ரவரி 5 அன்று, இறந்தார். வெள்ளி முகமூடியோடுதான் புதைத்தார்கள்.

நம் பையன்களுக்கு ட்ரம்ப் கார்டு வழியாகத் தெரிந்த ரே மிஸ்டீரியோ திஹுவானாவில் மாமாவிடம் பயின்றவர். 1999இல் அமெரிக்க டபிள்யூசிடபிள்யூ மேடையில் முகமூடியை இழந்தார். 2002இல் டபிள்யூடபிள்யூஈ-க்குள் அதே முகமூடியோடு வந்து நின்றார். அமெரிக்கக் கம்பெனிகளுக்கு அது ஒரு சட்டை மாதிரி. எனக்கு அது பிடிக்கவில்லை.

அந்தப் பாட்டியை ஏசாதீர்கள். வாரம் முழுக்க முதலாளியிடமும் வீட்டு ஓனரிடமும் சொல்ல முடியாததை அவர் ரூடோவிடம் சொல்கிறார். உங்கள் ஊர் அரங்கில் மேல்தளத்து ‘ஏழைகளும்’ மேடையருகே இருக்கும் ‘பணக்காரர்களும்’ ஒருவரையொருவர் திட்டிக்கொள்வதே தனி ஆட்டம். மெக்சிகோ நகரத்தில் இது அரங்கத்துக்கு வெளியேயும் நடந்தது. 1985 நிலநடுக்கத்தில் வீடிழந்தவர்களுக்காகவும் வாடகைக்காரர்களுக்காகவும் 1987 முதல் மல்யுத்த வீரரைப் போலச் சிவப்பு முகமூடி போட்ட சூப்பர்பாரியோ என்பவர் ஊர்வலங்களுக்கு முன்னால் நடந்தார். குடியிருப்பவர்களைக் காலி செய்ய வந்தவர்களை மறித்தார். அவர் யார் என்று மக்கள் கேட்கவில்லை. முகமூடி போதுமானதாக இருந்தது.

மனைவியிடம் சொல்லுங்கள், ஞாயிற்றுக்கிழமைக் காட்சி குடும்பங்களுக்கானதுதான், தாராளமாகப் போகலாம். செவ்வாய் இரவுக் காட்சிகள் வேண்டாம், அங்கே வசவு இன்னும் காரமாக இருக்கும். முகமூடிப் பந்தயம் அறிவித்திருக்கும் நாளாக இருந்தால் மகனை வீட்டில் விட்டுவிடுங்கள், இன்னும் இரண்டு மூன்று வருஷம் போகட்டும். தோற்றவருடைய பிள்ளைகளும் சில சமயம் மேடையேறி அவரைக் கட்டிக்கொண்டு அழுவார்கள். அதை ஏழு வயதில் பார்க்க வேண்டாம்.