பெண்ணுக்குப் போட்டி மனம் குறைவா? – கேள்வி பதில்

கேள்வி: ஆணுக்கும் பெண்ணுக்கும் மனத்தளவில் வேறுபாடு உண்டு என்று ஆய்வுகள் சொல்கின்றனவே?

பதில்: உண்டா என்பதை விட எவ்வளவு என்பதே முக்கியம். இரு சராசரிகளின் இடைவெளியைத் திட்டவிலக்கத்தால் (ஆட்களின் மதிப்புகள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதன் அளவு) வகுங்கள், அதுதான் விளைவளவு. உளவியலாளர் ஜேனட் ஹைட் 2005இல் 46 தொகுப்பாய்வுகளை (பல ஆய்வுகளின் முடிவுகளை ஒன்றுசேர்த்துக் கணிப்பவை) திரட்டியபோது, 78 விழுக்காடு விளைவளவுகள் 0.35ஐத் தாண்டவில்லை. 0.35 என்றால், கைக்குக் கிடைத்த ஓர் ஆணையும் ஒரு பெண்ணையும் ஒப்பிட்டால், சராசரி கூடிய பாலைச் சேர்ந்தவரே கூடுதலாக இருக்க 100க்கு 60 வாய்ப்பு. நாணயம் சுண்டினாலே 50 வந்துவிடும். பந்தெறியும் வேகம், தூரம் போன்ற சிலவற்றில் இடைவெளி மிகப் பெரிது. அதையும் மறைக்கக் கூடாது.

கேள்வி: போட்டியிடும் குணம் ஆணின் பிறவிக் குணம்தானே?

பதில்: பொருளியலாளர்கள் நீசி, லெனார்ட், லிஸ்ட் ஆகியோர் 2009இல் வெளியிட்ட சோதனையைப் பாருங்கள். 3 மீட்டர் தள்ளி ஒரு வாளி. டென்னிஸ் பந்தை 10 முறை எறிய வேண்டும். விழும் ஒவ்வொரு பந்துக்கும் கூலி வாங்கலாம், அல்லது முகம் தெரியாத ஒருவரோடு மோதி, வென்றால் மும்மடங்கு பெறலாம். தந்தைவழிச் சமூகமான தான்சானியாவின் மாசாய்களில் ஆண்கள் 50 விழுக்காடும் பெண்கள் 26 விழுக்காடும் மோதலைத் தேர்ந்தார்கள். தாய்வழிச் சமூகமான மேகாலயாவின் காசிகளிடம் கணக்கு தலைகீழ்: பெண்கள் 54, ஆண்கள் 39. ஒரே பந்து, ஒரே வாளி! ஆனால் இது இரண்டே சமூகங்களின் ஒப்பீடு. தாய்வழி மரபு ஒன்றே காரணம் என்று இதைக் கொண்டு தீர்ப்பு எழுத முடியாது. பிறவிக் குணம் எங்கும் ஒரே மாதிரி வெளிப்படும் என்ற வாதம்தான் அடிபடுகிறது.

கேள்வி: பல துணை தேடுவது ஆணுக்கே லாபம் என்று பழ ஈ ஆய்வு நிரூபித்ததே?

பதில்: உயிரியலாளர் பேட்மன் 1948இல் செய்தது அது. ஒவ்வோர் ஈக்கும் கண்ணுக்குத் தெரியும் ஒரு மரபுக் குறை. குஞ்சின் உடலில் அதைப் பார்த்துப் பெற்றோரை அடையாளம் கண்டார். கோளாறு அங்கேதான். தாயின் குறை, தந்தையின் குறை இரண்டையும் சேர்த்துச் சுமந்த குஞ்சுகளில் பல வளருமுன்பே இறந்தன, எண்ணிக்கை சாய்ந்துவிட்டது. கோவாட்டி குழு 2012இல் திரும்பச் செய்து இதைக் காட்டியது. எல்லா உயிர்களிலும் அந்த விதி பொய் என்று இதற்குப் பொருளில்லை. ஆனால் அந்தச் சோதனையை இனி ஆதாரமாக நீட்டாதீர்கள்.

கேள்வி: பிறகு ஏற்றத்தாழ்வு எங்கிருந்து வந்தது?

பதில்: ஒற்றை வேர் கிடையாது. வலுவான ஒன்று ஏர். மண்வெட்டி விவசாயத்தைக் குழந்தையை அருகில் வைத்துக்கொண்டே பார்க்கலாம். ஏருக்கோ தோள்வலு வேண்டும், மாட்டையும் அடக்க வேண்டும். வயல் ஆண் கைக்குப் போனது. பொருளியலாளர் எஸ்தர் போஸரப் 1970இல் சொன்ன இதை 2013இல் அலெசினா, ஜூலியானோ, நன் என்ற பொருளியலாளர்கள் மூவரும் தரவோடு சோதித்தார்கள்: முன்னோர் ஏர் பூட்டிய சமூகங்களில் இன்றும் வெளிவேலைக்குப் போகும் பெண்கள் குறைவு. புலம்பெயர்ந்தவர்களின் பிள்ளைகளிடமும் அதே சாய்வு தெரிகிறது. அவர்கள் கண்ணெதிரே ஏரே கிடையாது.