பால் கொடுத்த பிறகு ஒரு சிகரெட்... மாத்திரை ஈடுகட்டுமா?

கேள்வி: குழந்தைக்கு மூன்று மாதம். கர்ப்பத்தின்போது சிகரெட்டை விட்டிருந்தேன். இப்போது தூக்கமில்லாத இரவுகளில் மறுபடி தொற்றிக்கொண்டது, நாளுக்கு மூன்று நான்கு. பால் கொடுத்த பிறகுதான் பிடிக்கிறேன், மல்டிவைட்டமின் மாத்திரையும் போடுகிறேன். இது போதுமா, பவுடர் பாலுக்கு மாறிவிடட்டுமா? கணவரைத் தவிர வீட்டில் யாருக்கும் தெரியாது.
- பெயர் வேண்டாம், கோவை

பதில்: பவுடர் பாலுக்கு மாறாதீர்கள், தோழி. சிகரெட்டை உடனே விட முடியாத தாயும் தாய்ப்பால் கொடுப்பதே நல்லது என்றுதான் மருத்துவர்கள் சொல்கிறார்கள். கர்ப்பத்தில் விட்டீர்களே, அதுவும் சின்ன விஷயமில்லை. கருவின் மூளை, தண்டுவட வளர்ச்சிக்குத் தேவையான ஃபோலேட் என்ற பி வைட்டமின் புகைப்பவர்களின் ரத்தத்தில் குறைவாகவே இருக்கும்.

பால் கொடுத்துவிட்டுப் புகைப்பதில் ஓரளவு பலன் உண்டு. பாலில் இறங்கும் நிகோடின் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் பாதியாகிவிடும். ஆனால் புகையில் சயனைடும் இருக்கிறது. உடல் அதைத் தயோசயனேட்டாக மாற்றும், அது ரத்தத்தில் நாள்கணக்கில் தங்கும். அயோடின் பாலுக்குள் போகும் வழியை அது மறித்துக்கொள்கிறது. 2004-ல் வெளியான டென்மார்க் ஆய்வில், புகைக்கும் தாய்மார்களின் பாலில் அயோடின் ஏறக்குறைய பாதிதான் இருந்தது. இத்தனைக்கும் அவர்களின் சிறுநீரில் அயோடின் மற்ற தாய்மார்களுக்கு இருந்த அளவே இருந்தது. அதாவது, அயோடின் உப்பும் மாத்திரையும் உங்களுக்குப் போய்ச் சேர்கின்றன, பாப்பாவுக்கு முழுதாகப் போவதில்லை. மூளை வளரத் தேவையான தைராய்டு ஹார்மோனுக்கு அவளுக்கு இருக்கும் ஒரே அயோடின் உங்கள் பால்தான். எனக்கு இதுதான் பெரிய கவலை.

வைட்டமின் சி-யும் புகைப்பவர்களின் பாலில் குறையும். ஆனால் இதைச் சாப்பாட்டிலேயே சரிக்கட்டலாம். புகைப்பவருக்குத் தினமும் 35 மில்லிகிராம் கூடுதலாகத் தேவை, ஒரு கொய்யாப்பழம் தாராளமாகப் போதும். மாத்திரை அட்டையில் பீட்டா கரோட்டின் (உடலில் வைட்டமின் ஏ-யாக மாறும் சத்து) எவ்வளவு என்று பாருங்கள். 1994-ல் வெளியான ஃபின்லாந்து ஆய்வில், அதை அதிக அளவில் மாத்திரையாகச் சாப்பிட்ட புகைப்பவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் கூடியது. டாக்டர் சொல்லாமல் இன்னொரு வைட்டமினைச் சேர்க்க வேண்டாம்.

விடும்வரை வீட்டுக்கு வெளியே மட்டும் பிடியுங்கள். உடை மாற்றி, கை கழுவிய பிறகு பாப்பாவைத் தூக்குங்கள். ஒரே படுக்கையில் தூங்கவைக்காதீர்கள், தூக்கத்தில் திடீர் மரணம் நேரும் ஆபத்து புகைக்கும் தாய் பக்கத்தில் படுத்தால் அதிகம். குழந்தை டாக்டரிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள். 1800-11-2356 என்ற இலவச எண்ணில் விடுவதற்கு உதவி கிடைக்கும். அப்புறம், உங்களுக்குச் சிக்கல் இரவில்தானே? பால் குடித்த பிறகு ஏப்பம் விடவைத்துத் தூங்கவைப்பதை இன்றிரவே கணவரிடம் விட்டுவிட்டு நீங்கள் படுங்கள்.