சீர் வாங்கிய மகளுக்குப் பூமியில் பங்கு உண்டா?

கேள்வி: கோபிசெட்டிபாளையம் பக்கம், தடப்பள்ளி வாய்க்கால் பாசனத்தில் எங்கள் குடும்பத்துக்கு 12 ஏக்கர் பூமி இருக்கிறது. பரம்பரையாக எங்கள் அப்பாருவுக்கு (அப்பாவின் அப்பாவுக்கு) வந்தது. அவர் 1953இல் காலமானார். எனக்கு 1986இல் திருமணம். 40 பவுன் நகை போட்டுச் சீரும் செய்தார்கள். அப்பா உயில் எழுதாமல் 1998இல் காலமானார். அம்மாவும் இரண்டு அண்ணன்மாரும் இருக்கிறார்கள். போன வருடம் வரை அறுவடைதோறும் எனக்கு நெல் மூட்டை வந்தது. இப்போது இரண்டு ஏக்கரை விற்கப்போவதாகச் சொல்லி, மொத்தப் பூமிக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துக் கேட்கிறார்கள். 2003இலேயே ஊர்ப் பெரியவர்கள் முன்னால் வாய்மொழியாகப் பாகம் பிரித்தாகிவிட்டது, சீர் வாங்கியவளுக்குப் பங்கு இல்லை என்கிறார்கள். பட்டா இன்னும் அப்பா பெயரிலேயே இருக்கிறது. எனக்குப் பங்கு உண்டா? கேட்டால் அது பாவமா?

பதில்: மதிப்பிற்குரிய சகோதரிக்கு,

முதலில், அந்தப் பத்திரத்தில் கையெழுத்திட வேண்டாம். பதிவாகிவிட்ட விடுதலைப் பத்திரத்தை ரத்து செய்ய வேண்டுமானால், ஏமாற்றியோ மிரட்டியோ வாங்கினார்கள் என்று நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். கூடப்பிறந்தவர்களுக்கு எதிராக அதை நிரூபிப்பது எவ்வளவு கடினம் என்பதைப் பல குடும்பங்களில் கண்டிருக்கிறேன்.

உங்களுக்குப் பங்கு உண்டு. எவ்வளவு என்பதை நீங்கள் எழுதிய 12 ஏக்கரை வைத்தே சொல்கிறேன். உங்கள் தந்தை 1956க்கு முன் இறந்திருந்தால், ஆண் மக்கள் இருக்கும் கூட்டுக் குடும்பத்தில் மகளான உங்களுக்கு ஒரு சென்ட்டும் கிடைத்திராது. 1956இல் வந்த இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் முதல் வடிவப்படி, தந்தையும் இரு மகன்களும் ஆளுக்கு 4 ஏக்கருக்கு உரியவர்கள். தந்தையின் 4 ஏக்கர் மட்டும் அம்மா, அண்ணன்மார், நீங்கள் என்று நால்வருக்குப் பிரியும்போது உங்களுக்கு 1 ஏக்கர் வரும். 1989 மார்ச் 25 முதல் தமிழ்நாட்டுத் திருத்தம் மகளை மகனுக்குச் சமமாக்கியது. ஆனால் அந்தத் தேதிக்கு முன் மணமான பெண்களை அது விலக்கியதால், 1986இல் மணமான நீங்கள் மூன்று ஆண்டு வித்தியாசத்தில் வெளியே நின்றீர்கள். 2005 செப்டம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்த மத்தியத் திருத்தத்தில் அந்த விலக்கு இல்லை. திருத்தம் வந்த நாளில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்ட் 11 அன்று ஐயத்துக்கு இடமின்றிச் சொல்லிவிட்டது. இதன்படி தந்தை, இரு அண்ணன்மார், நீங்கள் என நால்வருக்கும் 3 ஏக்கர் வீதம் கணக்கிட்டு, தந்தையின் 3 ஏக்கரை அம்மாவும் பிள்ளைகள் மூவரும் சமமாகப் பிரித்தால், உங்களுக்கு மூன்றேமுக்கால் ஏக்கர், அண்ணன்மாருக்கும் அதே அளவு, அம்மாவுக்கு முக்கால் ஏக்கர். பூமியும் அதேதான், மகளும் நீங்களேதான். எந்த ஆண்டின் சட்டம் என்பதைப் பொறுத்து ஒன்றுமில்லாமல் இருந்தது ஒரு ஏக்கராகி, இன்று மூன்றேமுக்கால் ஏக்கராகியிருக்கிறது.

'சீர் வாங்கியவளுக்குப் பங்கு இல்லை' என்ற பேச்சு எங்கிருந்து வந்தது என்பதையும் நீங்கள் அறிந்துகொள்வது நல்லது. சாளுக்கிய மன்னன் ஆறாம் விக்கிரமாதித்தன் காலத்தில் விஞ்ஞானேசுவரர் எழுதிய மிதாட்சரம் என்ற தர்மசாத்திர உரைநூல், பிறப்பாலேயே சொத்தில் உரிமை என்பதை ஆண் மக்களுக்கு வைத்தது. ஆனால் அந்த நூலும்கூட, மணமாகாத சகோதரிக்குச் சகோதரர்கள் தம் பங்கிலிருந்து கால் பங்கு அளவு கொடுக்க வேண்டும் என்ற பழைய விதியை எடுத்துப் பேசுகிறது. நம் சீர் வழக்கம் அந்த எண்ணத்தோடு உறவுடையது என்றே நான் கருதுகிறேன்: நிலம் தர மனமில்லாத ஒரு சமூகம், மகளுக்கு ஏதோ கடன்பட்டிருப்பதை உணர்ந்து, அந்தக் கடனைப் பொன்னாகவும் பாத்திரமாகவும் தீர்த்தது. பிறகு வெள்ளையர் நீதிமன்றங்கள் வந்தபோது, இராமநாதபுரம் சமீன் வழக்கில் 1868இல், அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான இலண்டன் பிரிவி கவுன்சில், தெளிவாக நிரூபிக்கப்பட்ட வழக்காறு எழுதப்பட்ட சாத்திரத்தையும் விஞ்சும் என்றது. ஊர்வழக்கத்துக்கு அப்படி ஒரு பலம் இருந்த காலம் அது. 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டவர்கள் எதிர்த்து நின்றது அந்தப் பலத்தைத்தான். 1956 சட்டத்தின் 4ஆம் பிரிவு அதை முறித்தது. அச்சட்டம் பேசும் விஷயங்களில் அதற்கு முரணான பழைய நூலும் வழக்காறும் செல்லாது. எனவே உங்கள் ஊர்ப் பெரியவர்கள் சொல்வது அவர்கள் அறிந்த வழக்கத்தின்படி உண்மையாக இருக்கலாம். நீதிமன்றத்தில் அதற்கு மதிப்பில்லை.

2003 வாய்மொழிப் பாகம் என்ற வாதமும் எளிதில் நிற்காது. 2004 டிசம்பர் 20க்கு முன் பதிவுப் பத்திரத்தாலோ நீதிமன்றத் தீர்ப்பாணையாலோ நடந்த பாகப்பிரிவினையைத்தான் 2005 திருத்தம் காப்பாற்றுகிறது. வாய்மொழிப் பாகத்தை விதிவிலக்காக ஏற்க வேண்டுமானாலும், அதை ஆதரிக்கும் அரசு ஆவணங்கள் வேண்டும் என்கிறது மேற்சொன்ன 2020 தீர்ப்பு. பட்டா இன்றும் உங்கள் தந்தை பெயரில் இருப்பது இந்த இடத்தில் உங்களுக்குத் துணை. 2004 டிசம்பர் 20க்கு முன்பே யாருக்காவது கிரயம் செய்துகொடுத்த பகுதி இருந்தால், அதை மட்டும் இப்போது கேட்க முடியாது.

பாவமா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் வருத்தியது இந்தக் கேள்விதான். வாங்கிய 40 பவுனை நிலப் பங்கில் கழிக்கச் சொல்லும் பிரிவு சட்டத்தில் இல்லை. பேச்சுவார்த்தையில் அதை எடுத்தால், அண்ணன்மாரின் படிப்புக்கும் திருமணத்துக்கும் அதே பண்ணயத்திலிருந்துதான் செலவானது என்பதை அமைதியாக நினைவூட்டுங்கள். நம் கொங்குக் கலியாணங்களில் மாப்பிள்ளையின் சகோதரி இணைச்சீர்காரியாக நிற்காமல் சடங்கு நிறைவதில்லை. கூடப்பிறந்தவளுக்கு அந்த வீட்டில் என்றும் இடம் உண்டு என்பதைப் பந்தலில் ஊரறியச் சொல்லும் சடங்கு அது என்றே நான் புரிந்துகொள்கிறேன். பந்தலில் ஒப்புக்கொண்டதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மறுக்கலாகாது. உங்களுடையதைக் கேட்பதால் நீங்கள் யாருடையதையும் பறிக்கவில்லை.

இனிச் செய்ய வேண்டியவை. வில்லங்கச் சான்று, சிட்டா, அ-பதிவேட்டு நகல், தந்தையின் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று ஆகியவற்றை எடுத்து வையுங்கள். நெல் மூட்டை வந்ததற்கு வண்டி வாடகைச் சீட்டோ, கைப்பேசிச் செய்தியோ இருந்தால் அழிக்காதீர்கள். போன வருடம் வரை உங்களைப் பங்குக்காரராகவே நடத்தினார்கள் என்பதற்கு அது சாட்சி. இது முக்கியம், ஏனெனில் கூட்டுக் குடும்பச் சொத்திலிருந்து விலக்கப்பட்டவர், விலக்கப்பட்டது தெரிந்த நாளிலிருந்து 12 ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும். முதலில் வழக்கறிஞர் அறிவிப்பு அனுப்பி, சமரச மையத்தில் உட்கார்ந்து பேச அழையுங்கள். நிலம் வாங்க வருபவருக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். விவரம் தெரிந்தவர் உங்கள் கையெழுத்தில்லாமல் பணம் கொடுக்கமாட்டார். பேச்சு முறிந்தால் பாகப்பிரிவினை வழக்கு. வழக்கு நடக்கும்போது விற்றாலும் அந்த விற்பனை தீர்ப்புக்குக் கட்டுப்பட்டதே. கட்டணத்துக்கு அஞ்ச வேண்டாம். 1987ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி, வருமானம் எவ்வளவாயினும் பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு. வட்டச் சட்டப்பணிகள் குழுவில் மனுக் கொடுக்கலாம்.

உங்கள் அம்மாவின் முக்கால் ஏக்கரையும் மறந்துவிடாதீர்கள். விடுதலைப் பத்திரத்தில் அவரிடமும் கைரேகையோ கையெழுத்தோ கேட்டிருக்கிறார்களா என்பதை இந்த வாரமே நேரில் சென்று விசாரியுங்கள்.