வெயில் அடித்துவிட்டால் பனிச்சரிவு வராதா?

கேள்வி: பொறியியல் படிக்கும் என் மகன் பிப்ரவரி கடைசியில் நண்பர்களுடன் இமாச்சலப் பிரதேசத்தில் பனிமலை நடைப்பயணம் செல்ல முன்பணம் கட்டிவிட்டான். கிளம்புவதற்கு முன் ஒரு வாரம் வெயில் அடித்தாலே பனிச்சரிவு பயம் இல்லை என்கிறார் நாகர்கோவிலில் உள்ள முகவர். நம்பலாமா?
– ஒரு தாய், மார்த்தாண்டம்

பதில்: நம்ப வேண்டாம், அம்மா. கனத்த பனிப்பொழிவுக்கோ பலத்த காற்றுக்கோ பிந்திய ஓரிரு நாட்களில்தான் ஆபத்து மிக அதிகம், பிறகு புதுப்பனி மெல்லப் படிந்து இறுகும் என்பது வரை முகவர் சொல்வது சரி. ஆனால் லாகுல், ஸ்பிதி போன்ற குளிர்ந்த வறண்ட உள்மலைகளில் குளிர்காலத் தொடக்கத்தில் விழும் மெல்லிய பனி, கீழே தரையின் வெதுவெதுப்புக்கும் மேலே இரவுக் குளிருக்கும் நடுவில் சிக்கி, புத்தளம் உப்பளத்துக் கல்லுப்பைப் போல ஒன்றோடொன்று ஒட்டாத பரல்களாக மாறிவிடுகிறது. அதன்மேல் அடுத்தடுத்து விழுந்து இறுகிய பனி பலகையாகக் கிடக்கும். அடியிலுள்ள பரல்களோ வாரக்கணக்கில், சில ஆண்டுகளில் மாதக்கணக்கில் அப்படியே இருக்கும். ஒரு வார வெயில் அவ்வளவு ஆழத்துக்கு எட்டுவதில்லை. 30 முதல் 45 பாகை வரை சாய்ந்த சரிவில் ஒருவர் கால் வைத்த கணத்தில் பலகை முழுவதும் உடைந்து இறங்கலாம். அடிவாரத்துச் சமதளத்தில் நடப்பவரின் பாரமே மேலே உடைப்பை உண்டாக்குவதும் உண்டு. இதற்கு மேல், பிப்ரவரி இறுதி வெயில் பிற்பகலில் மேற்பனியை ஈரமாக்கித் தானே சரிவை உண்டாக்கும்.

பனிச்சரிவில் சிக்குவோரில் பத்தில் ஒன்பது பேர் விஷயத்தில் அதைத் தூண்டுவது அவர்களோ அவர்களது குழுவினரோதான். ஆகவே எப்போது திரும்புவது என்று முடிவெடுப்பவர் யார் என்பதே முதன்மையான கேள்வி. பாதி வழியில் திரும்பினாலும் பணத்தில் ஒரு பகுதியாவது திரும்பக் கிடைக்குமா என்று முகவரிடம் எழுத்தில் கேளுங்கள். கிடையாது என்றால், வழிகாட்டியை முன்னே தள்ளுவது அந்தப் பணம்தான். 'கருவி எல்லாம் தருவோம்' என்று முகவர் சொன்னால் அதையும் அப்படியே நம்ப வேண்டாம். புதைந்தவரைக் காட்டும் அலைக்கருவி ஒவ்வொருவர் உடம்பிலும் இயங்கும் நிலையில் இருக்க வேண்டும். தேடுகோலும் மண்வாரியும் ஒவ்வொருவர் பையிலும் இருக்க வேண்டும். சுமார் 10 நிமிடங்களுக்குள் தோண்டி எடுத்தால்தான் பெரும்பாலோர் பிழைப்பர். அதற்குள் வெளியிலிருந்து எந்த மீட்புப் படையும் வந்து சேராது. பயிற்சி இல்லாத பிள்ளைகளிடம் அவற்றை வாடகைக்குக் கொடுத்து அனுப்புவது ஏமாற்று.

சண்டிகரிலுள்ள பாதுகாப்புத் துறை ஆய்வு நிறுவனம் (டி.ஜி.ஆர்.இ.) பனிச்சரிவு எச்சரிக்கைகளை வெளியிடுகிறது. எச்சரிக்கை உரிய நேரத்தில் கரை சேராததற்கு 2017 ஒக்கிப் புயலில் நம் மாவட்டம் கொடுத்த விலைக்குப் பிறகும், முன்பணம் வாங்கும் முகவர் அந்த அறிக்கையைத் தமிழில் கையில் கொடுத்துக் கையொப்பம் பெற வேண்டும் என்று வலியுறுத்த இன்னும் யாருக்கும் தோன்றாதது எரிச்சலூட்டுகிறது. எச்சரிக்கை மலையேறுபவர்களுக்கு மட்டும் உரியதல்ல: 2023 ஏப்ரலில் சிக்கிமில் நாதுலா சாலையோரம் பனிச்சரிவில் இறந்த ஏழு பேரும் மலையேறச் சென்றவர்கள் அல்லர், சுற்றுலாப் பயணிகள்.

மகனைத் தடுக்கச் சொல்லவில்லை. செங்குத்துச் சரிவுகளின் மீதோ அடியிலோ செல்லாத வேறு பாதையைக் கேட்கச் சொல்லுங்கள். முகவர் மழுப்பினால், கட்டிய முன்பணம் போனாலும் பரவாயில்லை என்று விட்டுவிடுங்கள்.