பன்னிரண்டு பேரை எல்லை தாண்டி அனுப்பும் முன்

கேள்வி: ஐரோப்பிய ஒன்றிய நாடு ஒன்றில் தொண்டு நிறுவனத்தில் வேலை செய்கிறேன். படிப்பு பாதியில் நின்று, வேலையும் கிடைக்காமல் இருக்கும் 12 இளைஞர்களை இரண்டு மாதத் தொழிற்பயிற்சிக்காக வேறொரு உறுப்பு நாட்டுக்கு அனுப்புகிறோம். ஒருங்கிணைப்பு என் பொறுப்பு. பாதியில் திரும்பிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. எதிலிருந்து தொடங்குவது?

பதில்: பயணச்சீட்டிலிருந்து தொடங்காதீர்கள். முதலில் ஒவ்வொருவருடனும் தனியாக உட்கார்ந்து பேசுங்கள். வீட்டில் யாரையாவது கவனித்துக்கொள்கிறாரா, கடன் இருக்கிறதா, தினசரி மாத்திரை உண்டா, இதற்கு முன் ஊரைவிட்டுத் தனியே தங்கியிருக்கிறாரா என்று கேளுங்கள். பாதியில் திரும்புவதற்கான காரணம் பெரும்பாலும் கிளம்பும் முன்பே அவரிடம் இருக்கும். அரசு உதவித்தொகை வாங்குபவர் என்றால், வெளிநாட்டில் இருக்கும் இரண்டு மாதமும் அது நிற்காது என்று சம்பந்தப்பட்ட அலுவலகத்திடம் எழுத்தில் வாங்கிவிடுங்கள். வாய்வார்த்தை போதாது.

ஐரோப்பிய சமூக நிதியின் கீழ் நடக்கும் 'ஆல்மா' திட்டம் உங்களுக்கு நல்ல முன்மாதிரி. 18 முதல் 29 வயதுள்ள, படிப்போ வேலையோ பயிற்சியோ இல்லாதவர்களுக்கானது. வெளிநாட்டில் இருப்பது 2 முதல் 6 மாதம்தான். ஆனால் கிளம்பும் முன் தயார் செய்வதும், திரும்பிய பின் கைகொடுப்பதும் அந்தத் திட்டத்திலேயே அடங்கும்.

அடுத்து காகிதங்கள். ஒன்றியக் குடிமக்களுக்கு மூன்று மாதம்வரை அடையாள அட்டையோ பாஸ்போர்ட்டோ போதும். குழுவில் அகதியாக வந்தவரோ வேறு நாட்டுக் குடிமகனோ இருந்தால் கவனம் தேவை. ஷெங்கன் நாடு (தங்களுக்குள் எல்லைச் சோதனையை நீக்கிக்கொண்ட ஐரோப்பிய நாடுகளில் ஒன்று) ஒன்றின் வதிவிட அனுமதி இருந்தால், மற்ற ஷெங்கன் நாடுகளில் 180 நாளில் 90 நாள் தங்கலாம். ஆனால் தங்க அனுமதி இருப்பதாலேயே வேலைசெய்ய அனுமதி வந்துவிடாது. பட்டறையில் கிடைக்கும் பயிற்சியையும் சில நாடுகள் வேலையாகவே எடுத்துக்கொள்ளும். பல மாதம் முன்பே விசாரித்துவிடுங்கள். ஐரோப்பிய மருத்துவக் காப்பீட்டு அட்டை இலவசம்தான். ஆனால் நோயாளியை ஊருக்குத் திருப்பி அழைத்துவரும் செலவை அது ஏற்காது. அதற்குத் தனிக் காப்பீடு எடுங்கள்.

அங்கே இளைஞர்களை ஏற்றுக்கொள்ளும் எதிர்முனை அமைப்பிடம் முதலில் கேட்க வேண்டியது: ராத்திரி இரண்டு மணிக்குப் போன் வந்தால் யார் எடுப்பார்? அந்தப் பெயரும் எண்ணும் ஒப்பந்தத்திலேயே இருக்கட்டும். முடிந்தால் முன்கூட்டியே ஒருமுறை நேரில் போய், தங்குமிடம், பட்டறை, பேருந்து நிறுத்தம் எல்லாவற்றையும் பாருங்கள். போகும்போது இளைஞர்களில் ஒருவரையும் கூட்டிப்போங்கள். அவர் திரும்பி வந்து மற்றவர்களிடம் சொல்வதை நம்புவார்கள். நாம் காட்டும் படங்களை அவ்வளவாக நம்ப மாட்டார்கள்.

பண விஷயத்தில் நான் கண்டிப்பாகவே சொல்வேன்: 'நீங்கள் செலவழியுங்கள், ரசீது காட்டினால் பிறகு தருகிறோம்' என்ற முறை இவர்களுக்கு வேண்டாம். கையில் காசில்லாதவர் அதை வெளியே சொல்லாமல் சாப்பாட்டைத்தான் குறைப்பார். வாரச் செலவை முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள்.

சரி, பயிற்சி முடிகிறது. கற்ற திறன்களைப் பதியும் யூரோபாஸ் மொபிலிட்டி ஆவணத்தைக் கடைசி வாரத்திலேயே பட்டறைப் பொறுப்பாளரிடம் நிரப்பி வாங்குங்கள். அப்புறம் கேட்டால் இழுத்துக்கொண்டே போகும். திரும்பி வந்த முதல் வாரத்தில் யார், எங்கே, எத்தனை மணிக்கு உங்களைச் சந்திப்பது என்பதைக் கிளம்பும் முன்பே குறித்து அவரவர் கையில் கொடுங்கள்.