வாசகர் கேள்வி – பதில்: வாடகை தவணையைக் கட்டுமா?

கேள்வி: அப்பச்சி விட்டுச்சென்ற வைப்புத்தொகை 20 லட்ச ரூபாய் என்னிடம் இருக்கிறது. 30 லட்சம் வங்கிக் கடன் வாங்கி, 45 லட்ச ரூபாய் விலை சொல்லும் பழைய அடுக்குமாடி வீடு ஒன்றை வாங்கி வாடகைக்கு விட நினைக்கிறேன். மாதம் 12,000 ரூபாய் வாடகை வரும் என்றும், அதுவே கடன் தவணையைப் பார்த்துக்கொள்ளும் என்றும் தரகர் சொல்கிறார். இறங்கலாமா?
– ஆசிரியை ஒருவர், காரைக்குடி

பதில்: தரகர் சொன்ன வாடகை வரக்கூடியதுதான், ஆனால் அது தவணையைப் பார்த்துக்கொள்ளாது. 30 லட்சத்தை எட்டரை சதவீத வட்டியில் 20 ஆண்டுகளுக்கு வாங்கினால், மாதத் தவணை ஏறக்குறைய 26,000 ரூபாய் ஆகிறது. மீதி 14,000 ரூபாய் ஒவ்வொரு மாதமும் உங்கள் சம்பளத்திலிருந்துதான் போக வேண்டும்.

கடனை ஒதுக்கிவிட்டு வீட்டுக்கு மட்டும் ஐந்தொகை, அதாவது முதலும் வரவு செலவும் சேர்ந்த கணக்கு, எடுத்துப் பாருங்கள். முத்திரைத்தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் சேர்ந்தால் வீட்டின் அடக்கம் 49 லட்சத்தைத் தொட்டுவிடும். ஆண்டில் ஒரு மாதம் ஆளில்லாமல் கிடக்கும் என்று வைத்துக்கொண்டால் வாடகை வரவு 1,32,000 ரூபாய். அதில் குடியிருப்புப் பராமரிப்புக்கு 24,000, சொத்து வரிக்கு 5,000, வெள்ளையடிப்பு, குழாய், மோட்டார் ஆகியவற்றுக்கு 10,000 என்று கழித்தால் நிற்பது 93,000 ரூபாய், அதாவது போட்ட முதலுக்கு இரண்டு சதவீதத்துக்கும் குறைவு. வட்டிக் கணக்கில் பேர்போன நம் ஊரில், எட்டரைக்கு வாங்கி இரண்டுக்கு விடுவதை யாரும் தொழில் என்று சொல்லமாட்டார்கள். நிலத்தின் விலை ஏறும் என்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அடுக்குமாடி வீட்டில் உங்களுக்கு உரியது பிரிபடாத பாகம், அதாவது எல்லா வீட்டுக்காரர்களுக்கும் பொதுவான மனையில் ஒரு பங்கு மட்டுமே என்பதால், அது எத்தனை சதுர அடி என்று பத்திரத்தில் பார்க்காமல் அந்த நம்பிக்கைக்கு விலை கொடுக்காதீர்கள்.

வருமான வரியில் சலுகை கிடைக்குமே என்பீர்கள். வாடகையில் கட்டிய சொத்து வரி போக மீதியில் 30 சதவீதத்தையும், கடன் வட்டியையும் கழிக்கலாம் என்பது சரி. ஆனால் புதிய வரி முறையில் இருப்பவர்கள், அப்படிக் கழித்தபின் வரும் நட்டத்தைச் சம்பள வருமானத்தில் ஈடுகட்ட முடியாது. பழைய முறையிலும் ஆண்டுக்கு 2 லட்ச ரூபாய் வரைதான்.

ஆகவே இந்த விலைக்கு இந்த வீடு வேண்டாம். கையிலுள்ள பணத்தோடு சிறு கடன் மட்டும் சேர்த்து, அழகப்பா பல்கலைக்கழகத்துக்கோ மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்கோ நடந்து போகும் தூரத்தில், பணிமாற்றத்தில் வருகிறவர்கள் விரும்பும் சிறு வீடு கிடைக்குமா என்று பாருங்கள். பூட்டிக்கிடக்கும் பெரிய வீடுகளுக்கு இங்கே பஞ்சமில்லை. வாடகைக்கு வருகிறவர்கள் கேட்பது இரண்டு அறையும் தண்ணீர் வசதியும்தான். எதை வாங்கினாலும் 30 ஆண்டு வில்லங்கச் சான்று, தாய்ப்பத்திரம் (விற்பவருக்குச் சொத்து வந்த வழியைக் காட்டும் முந்தைய பத்திரம்), பட்டா ஆகியவற்றை வழக்கறிஞரிடம் காட்டாமல் முன்பணம் கொடுக்க வேண்டாம். விற்பவர் பங்காளிகளோடு சேர்ந்து பெற்ற சொத்தாக இருந்தால், அத்தனை பேரும் கையெழுத்திட வேண்டும்; ஒருவர் மலேசியாவில் இருக்கிறார், பிறகு வாங்கித் தருகிறோம் என்ற பேச்சை ஏற்காதீர்கள்.

கேள்வி: 11 மாதத்துக்கு வாடகை ஒப்பந்தம் எழுதினால் பதிவே தேவையில்லை என்கிறார்களே?
– வாசகர், தேவகோட்டை

பதில்: அது பழைய வழக்கம். 2019-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி, நகர்ப்புறங்களில் காலம் எதுவானாலும் எழுத்து ஒப்பந்தம் வேண்டும்; அதை வாடகை அதிகாரியிடம் பதியவும் வேண்டும். இணையத்திலேயே பதியலாம். முன்பணத்துக்கு மூன்று மாத வாடகையைச் சட்டம் அளவாகச் சொல்கிறது. இருவரும் வேறாக ஒப்புக்கொண்டால் அதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.